சென்னை ஐஐடியின் பிஎஸ் டேட்டா சயின்ஸ்: வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியுமா?

முடியும். ஆனால் "கரஸ்ல ஒரு டிகிரி போட்டு வைப்போம்" என்று நினைத்துக்கொண்டு சேராதீர்கள். இந்தப் படிப்பின் முதல் நிலையான ஃபவுண்டேஷனையும் அடுத்த நிலையான டிப்ளமோவையும் முடித்துவிட்டு, வேலையையும் விடாமல் இதை எழுதுகிறேன். யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஈசியா என்பதுதான். ஈசி இல்லை, அதனால்தான் இதற்குக் கட்டும் பணம் வீண் இல்லை என்கிறேன்.

2020இல் பிஎஸ்சி என்று தொடங்கி, பின்னால் நான்கு ஆண்டு பிஎஸ் ஆகிவிட்ட படிப்பு இது. ஜேஇஇ எழுத வேண்டாம், வயது வரம்பு கிடையாது, பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் பணம் கட்டியவர்கள் எல்லோரும் மாணவர்கள் ஆகிவிடுவதில்லை. முதலில் நான்கு வாரத்துக்குக் கணக்கு, புள்ளியியல், கம்ப்யூட்டேஷனல் திங்கிங் (கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி படிப்படியாக யோசிப்பது), ஆங்கிலம் என்று நான்கு பாடங்களை நடத்துகிறார்கள், வாராவாரம் அசைன்மென்ட் கொடுக்கிறார்கள், அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். அதாவது, நமக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்காமல், சொல்லிக் கொடுத்ததைக் கற்றுக்கொண்டோமா என்று மட்டும் பார்க்கிறார்கள். நுழைவுத் தேர்வுக்கு லட்சக்கணக்கில் கோச்சிங் செலவு செய்ய முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நியாயமான முறை எனக்குத் தெரியவில்லை.

இதற்கு முன் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் ஒரு முதுகலை படித்தேன், பெயர் வேண்டாம். தேர்வு நெருங்கும்போது புத்தகக் கட்டு வரும், பெயருக்குச் சில ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, அப்புறம் கைடு வாங்கி முக்கியக் கேள்விகளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வருவது. பட்டம் கிடைத்தது, பாடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படிப் படித்து வந்த எனக்கு இங்கே வாராவாரம் கெடு வைத்து அசைன்மென்ட் வாங்குவது ஆரம்பத்தில் மூச்சு முட்டியது, ஆனால் அதுதான் என்னை உட்கார வைத்தது. பாடம் வீடியோவில் இருப்பதால் இரவு பத்து மணிக்கு மேலும் பார்க்கலாம். சந்தேகத்துக்கு நேரலை வகுப்புகள் உண்டு. தேர்வுகளோ, ஒரு டெர்முக்கு, அதாவது ஒரு பருவத்துக்கு, இரண்டு குவிஸ், ஒரு இறுதித் தேர்வு என மூன்றுக்கும் சென்டருக்கு நேரில் போய்க் கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும். வீட்டிலிருந்து தேர்வு எழுதும் ஆன்லைன் பட்டங்களை நிறுவனங்கள் ஏன் சந்தேகமாகப் பார்க்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டேஷனல் திங்கிங் பாடத்தை மாதவன் முகுந்தும் ஜி. வெங்கடேஷும் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நடத்துகிறார்கள். ஒரு வரி கோடு எழுதாமலே லூப் என்றால் என்ன, ஒரு பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது என்று புரிந்துவிடுகிறது, அதன் பிறகு பைத்தான் புரோகிராமிங் வரும்போது பயமே இல்லை. மாறாக, டிப்ளமோவில் வரும் மெஷின் லேர்னிங் ஃபவுண்டேஷன்ஸ் என்ற பாடம் கணக்கில் பலவீனமானவர்களைத் திணறடிக்கும். அந்த டெர்மில் கூடுதலாக வேறு கனமான பாடம் எதையும் எடுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பிசினஸ் டேட்டா மேனேஜ்மென்ட் பாடத்தின் புராஜெக்ட். இணையத்தில் கிடைக்கும் தயார் டேட்டாவை எடுத்து வேலை செய்யாமல், உண்மையான ஒரு தொழிலிடம் போய்க் கணக்கு வாங்கி, அவர்களுடைய பிரச்சினை ஒன்றைக் கண்டுபிடித்து அலசி எழுத வேண்டும். நான் எங்கள் தெரு ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் போனேன். பில் புத்தகத்தைக் கொடுக்க முதலில் தயங்கினார், "இதை வச்சு என்ன தம்பி பண்ணப் போற" என்றார். உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாக ஷீட்டில் ஏற்றிப் பார்த்தால், அவர் அதிகமாக வாங்கி அடுக்கியிருந்த பெயின்ட் வகைகளில்தான் பணம் முடங்கிக் கிடந்தது, வேகமாக விற்கும் பைப் ஃபிட்டிங்ஸோ அடிக்கடி தீர்ந்துபோனது. அடுத்த ஆர்டரில் பெயின்ட்டைக் குறைத்துவிட்டார். டேட்டா சயின்ஸ் என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது அந்தக் கடையில்தான்.

குறை என்றால் மொழி. எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஃபவுண்டேஷனில் இரண்டு ஆங்கிலப் பாடங்கள் இருக்கின்றன என்றாலும், தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை முதல் நான்கு வாரத்திலேயே கணக்கோடும் ஆங்கிலத்தோடும் ஒரே சமயத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடெலின் பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கும்போது, தகுதித் தேர்வுப் பாடங்களுக்காவது அதைச் செய்யலாம், செய்ய வேண்டும். இன்னொன்று, இது பிடெக் இல்லை. பிஇ, பிடெக் மட்டும்தான் என்று போட்டிருக்கும் வேலைகளுக்கு இது செல்லாது, அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

வேலையில் இருப்பவர் ஒரு டெர்முக்கு இரண்டு பாடம் எடுத்தால் போதும். ஆண்டுக்கு மூன்று டெர்ம், எடுக்கும் பாடத்துக்கு மட்டும் பணம், அதனால் நிதானமாகப் போகலாம். நடுவில் நின்றாலும் முடித்த நிலைக்கு ஏற்ப ஃபவுண்டேஷன் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும். கல்லூரியில் வேறு பட்டம் படித்துக்கொண்டிருப்பவர்களும் சேர்த்துப் படிக்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022இல் யுஜிசி அனுமதி கொடுத்துவிட்டது. வீட்டில் தனியாகப் படிக்கிறோம் என்ற எண்ணம் வராமலிருக்க மாணவர்களை ஹவுஸ் ஹவுஸாகப் பிரித்திருக்கிறார்கள், எல்லாம் காடுகளின் பெயர், பிச்சாவரம்கூட இருக்கிறது.

பணம் கட்டும் முன் யூடியூபில் இலவசமாகக் கிடக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 1 வகுப்புகளை ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள், வேலை முடித்து வந்த களைப்பில் தினமும் உட்கார முடிகிறதா என்று தெரிந்துவிடும். உட்கார முடிந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகுதி உள்ளவர்களுக்குக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை இருக்கிறது.