பேட்டரி இல்லாத கீமோ பம்ப்: ஆறு சைக்கிள் பார்த்த பிறகு

பம்புக்கு ஐந்துக்கு நாலு மார்க் கொடுப்பேன். பம்பைப் போட்டுக்கொள்ளக் கூடவே தருகிற பைக்கு அரை மார்க்கூடக் கிடையாது.

என் வீட்டுக்காரருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து 14 நாளைக்கு ஒரு முறை கீமோ, மொத்தம் 12. ஒவ்வொரு முறையையும் சைக்கிள் என்பார்கள். காலையில் ஆஸ்பத்திரியில் டிரிப்பில் மருந்து ஏற்றுவார்கள். அப்புறம் ஃபைவ் எஃப்யூ என்கிற மருந்தை இந்தப் பம்பில் நிரப்பி, மருந்து ஏற்றவென்று நெஞ்சில் தோலுக்கு அடியில் வைத்திருக்கிற போர்ட்டில் மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 46 மணி நேரம் அது உடம்போடுதான் இருக்கும். இல்லையென்றால் அந்த இரண்டு நாளும் வார்டில் கிடக்க வேண்டும்.

பார்க்கப் பால் பாட்டில் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பலூன். அது சுருங்கச் சுருங்க மருந்து இறங்கும். பேட்டரி இல்லை, சுவிட்ச் இல்லை. தண்டையார்பேட்டையில் நடுராத்திரி கரெண்ட் போனாலும் கவலையில்லை.

ஆனால் சத்தமே வராது. அதுதான் எனக்குப் பழக நாளானது. முதல் ராத்திரி எட்டு மணி நேரம் கழித்தும் பலூன் போட்டபடியே இருந்தது. டார்ச் அடித்து அடித்துப் பார்த்தேன். "இன்னாம்மா, அடைகாக்கிறியா?" என்றார் இவர். விடிந்ததும் போன் செய்தேன். ஆரம்பத்தில் சுருங்குவது கண்ணுக்குத் தெரியாது, டியூபை அடைக்கிற கிளாம்ப் திறந்திருக்கிறதா, டியூப் மடங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார் நர்ஸ். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். இப்போதெல்லாம் தினத்தாள் காலண்டர் பக்கத்தில் அவரை நிற்கவைத்து ஆறு மணிக்கு ஒரு போட்டோ எடுக்கிறேன். வரிசையாகப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

டியூபில் சின்னதாக ஒரு வில்லை இருக்கும். மருந்து இறங்குகிற வேகம் அதன் கையில். தோலின் சூட்டுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது என்பதால் தோலோடு ஒட்டியே இருக்க வேண்டும். சூடு கூடினால் மருந்து வேகமாக இறங்கும், குறைந்தால் மெதுவாக. எங்கள் ஊர் வேர்வையில் பிளாஸ்டர் எங்கே நிற்கிறது? ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, புதிதாக ஒட்டுகிறேன்.

ஒரு விஷயத்தில் பம்பின் மேல் பழி போடாதீர்கள். ஃபிரிட்ஜ் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொண்டையில் முள் குத்துகிறது என்றார் இவர். பம்புதான் காரணம் என்று சண்டைக்கே போனேன். அது காலையில் டிரிப்பில் ஏற்றுகிற ஆக்சாலிபிளாட்டின் என்கிற மருந்து செய்கிற வேலை. சில நாளைக்குச் சில்லென்று எதையும் குடிக்கவும் கூடாது, தொடவும் கூடாது.

சரி, பைக்கு வருகிறேன். நைலான் துணி, கழுத்தில் மாட்ட ஒரு கயிறு. கழுத்தை அறுக்கிறது, நடந்தால் ஆடி ஆபரேஷன் தழும்பில் இடிக்கிறது. நான் ஜாக்கெட் தைக்கிறவள். எம்.சி. ரோட்டில் வாங்கிய காட்டன் துணியில் மிச்சம் இருந்தது. நாலு விரல் அகலத்தில் பட்டை வைத்து, தோளில் குறுக்காகப் போடுகிற மாதிரி தைத்துவிட்டேன். டியூப் வெளியே வர ஓரத்தில் ஒரு காஜா. குளிக்கும்போது பம்ப் நனையாமல் பக்கத்து ஆணியில் மாட்டிக்கொள்கிறார்.

அந்தப் பையோடு மெட்ரோவில் வந்தோம். செக்யூரிட்டி பையன் பையை மெஷினில் போடச் சொன்னான். "போட்டா நானும் கூடவே உள்ள போகணும் தம்பி" என்று சட்டையைத் திறந்து டியூபைக் காட்டினார். அவன் பயந்துவிட்டான், பாவம். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தொல்லை கக்கூஸ்தான். பம்ப் கழற்றிய பிறகும் இரண்டு நாளைக்கு மருந்து சிறுநீரில் வரும். மூடியை மூடி இரண்டு முறை ஃபிளஷ் பண்ணச் சொன்னார்கள். எங்களுடையது இண்டியன் டாய்லெட், மூடி ஏது? தெறிக்காமல் இரண்டு வாளி ஊற்றுகிறோம். தண்ணீர் லாரி வராத நாளில் அதுவும் கணக்குத்தான். அவர் துணியைக் கிளவுஸ் போட்டுத் தனியாகத் துவைக்கிறேன்.

வியாழக்கிழமை ஏழாவது சைக்கிள். ஹார்பரில் வேலை பார்த்தபோது போட்ட காக்கிச் சட்டையில் ஒரு பை தைத்துத் தரச் சொல்கிறார். தடித்த துணி, 16-ஆம் நம்பர் ஊசி வாங்க வேண்டும்.