உவர்மலைக் காரும் கிண்ணியா நானாவும்

திருகோணமலை உவர்மலையில் மாமாவின் காரில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது அவருடைய கைதான். ஸ்டியரிங்கை விட்டு எடுத்தால் உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. ஊர் வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து ஸ்டியரிங்கின் மேல்தோலைப் பிசினாக்கியிருந்தன. மாமி ஒரு பழைய துவாயைக் கிழித்துச் சுற்றித் தைத்திருந்தார். அதுவும் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ஹோர்ன் அடிக்கவில்லை. டாஷ்போர்டில், மடியில் பந்தோடு ஆள் ஒருவர் இருக்கிற மாதிரி ஒரு சிவப்புப் படம் விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

"அது நாலு மாசமா எரியுது பிள்ளை. கார் நல்லா ஓடுது," என்றார் மாமா.

அந்தப் படம் எயார்பேக் விளக்கு, மோதலில் ஸ்டியரிங்குக்குள்ளிருந்து விரிந்து ஆளைத் தாங்குகிற காற்றுப் பையினுடையது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நான் இருக்கிற கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பனிக்கால விடியலில், வேலைக்குப் போன என் கணவரின் கார் 401 நெடுஞ்சாலையில் சறுக்கி முன்னால் நின்ற லொறியில் மோதியது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போனபோது கட்டிலில் எழும்பி இருந்தார். முழங்கைக்குக் கீழே தோல் உரஞ்சிச் சிவந்திருந்தது, மூக்குக்கண்ணாடி இரண்டு துண்டு, சட்டை முழுக்க வெள்ளைத் தூள், வெடி கொளுத்திய மணம். அவ்வளவுதான். மோதியதிலிருந்து பை விரிந்து முடிய ஒரு செக்கனில் நூறில் மூன்று பங்குதான் ஆகும் என்று பிறகுதான் படித்தேன். கண் இமைக்க அதைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும். அந்தச் சட்டையை நான் இன்னும் எறியவில்லை.

மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. வெள்ளிக்கிழமையில் மாமியைக் கோணேசர் கோயிலுக்கும், மாதம் ஒருமுறை கிளினிக்குக்கும் கூட்டிப் போவது இந்தக் காரில்தான். கொழும்புக்குப் போனால் கந்தளாய் தாண்டி, யானை குறுக்கே வரும் ஹபரணைப் பாதை. 2008 ஆம் ஆண்டு ஜப்பான் கார், இன்னொருவர் பாவித்ததை ஒன்பது வருடத்துக்கு முன் வாங்கினார். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த கார்களே சுற்றிச் சுற்றி ஓடின, பழுதானவற்றைக் கழற்றித்தான் மற்றவற்றைத் திருத்தினார்கள். மாமாவிடம் இதை மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஸ்டியரிங்கை மாற்றாமல் திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

முதலில் டவுனுக்குள் ஒரு கராஜ். பெயர் வேண்டாம். அங்கே நின்ற பெடியன் நல்ல மரியாதையான பிள்ளை, கதிரை எடுத்துப் போட்டான். "அன்ரி, ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் ஒண்டு போட்டுத் தாறன். பின்னேரம் வந்து எடுக்கலாம். லைட்டையும் நூத்து விடுறன்." எயார்பேக் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்த ஸ்டியரிங்கில் அது இல்லை என்றான். அப்படியென்றால் லைட் எப்படி அணையும்? பல்பைக் கழற்றலாம், இல்லாவிட்டால் வயரை வேறொரு விளக்கோடு சேர்த்து முடியலாம், அது அணையும்போது இதுவும் அணையும். இதை ஒளித்து மறைக்காமல், உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னான். வருகிறவர்கள் எல்லோரும் "லைட்டை நூத்துத் தாங்கோ" என்றுதானே கேட்கிறார்கள். நான் காரைத் திருப்பச் சொன்னேன்.

இதை வாசிக்கிற நீங்கள் ஊரில் யாருடைய காரில் ஏறினாலும் ஒன்றைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்புப் படம் எரிய வேண்டும், ஏறக்குறைய ஆறு செக்கனில் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லையென்றால் அதைவிடக் கவலைப்பட வேண்டும், யாரோ கை வைத்திருக்கலாம்.

மாமாவிடம் படித்த ஒருவர் கிண்ணியாவில் ஒரு கராஜைச் சொன்னார். பாலத்தால் போனோம். 2009 இல் பாலம் திறந்தபோது நான் கனடாவில். எனக்கு நினைவில் நிற்பது, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, சைக்கிள்களுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவில் நின்று கடந்த அந்தத் தண்ணீர்தான். இப்போது கண்ணாடியை இறக்குவதற்குள் அக்கரை வந்துவிட்டது.

கராஜ் என்றால் நாலு தூண், தகரக் கூரை, ஒரு வேப்பமரம். கராஜ்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிட்டார்கள், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சாவியைத் திருப்பினார், ஹோர்னை அமத்தினார், விளக்கைப் பார்த்தார். "ஹோர்னும் இல்ல, எயார்பேக் லைட்டும் பத்துது எண்டா ஸ்பைரல் கேபிள்தான் சேர்." கையில் கிடந்த அளவுநாடாவைச் சுருட்டி எங்களுக்குக் காட்டினார். ஸ்டியரிங் சுற்றும், ஆனால் காருடைய வயர் சுற்ற முடியாது. ஆகவே ஒரு பட்டை வயரை வட்டமான பெட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கோடு அது இறுகும், தளரும். ஹோர்னுக்கும் எயார்பேக்குக்கும் கரண்ட் போவது அதற்குள்ளால்தான். பதினைந்து, பதினாறு வருடம் இறுகித் தளர்ந்தால் ஒருநாள் அறும்.

வேலையைத் தொடங்க முதல் முன் சில்லுகளை நேராக விட்டார். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பிளேன்டீ சொன்னார். பல ஜப்பான் கார்களின் புத்தகத்தில் குறைந்தது 90 செக்கன் பொறுக்கச் சொல்லியிருக்கும். பற்றரியைக் கழற்றிய பிறகும் எயார்பேக் பெட்டிக்குள் கொஞ்சக் கரண்ட் தங்கி நிற்கும், மோதலில் பற்றரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக. நானா பத்து நிமிடம் பொறுத்தார். "அவசரப்பட்டு முகத்தில வாங்கின ஆக்களை எனக்குத் தெரியும் தங்கச்சி."

ஸ்டியரிங்கின் பின்பக்கத்தில் இரண்டு சின்ன மூடி. அவற்றுக்குள் நட்சத்திர வாய் ஸ்குரூ. இரண்டையும் தளர்த்தி நடு மூடியைத் தன் உடம்புக்கு நேரே வராமல் சரித்துப் பிடித்து மெல்ல இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றார். பிறகு மூடியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார்.

உள்ளே ஒன்றும் இல்லை. முன்னால் 'எஸ்ஆர்எஸ் எயார்பேக்' என்று எழுத்துப் பொறித்த பிளாஸ்டிக் மூடி, பின்னால் வெறும் குழி. பையும் இல்லை, அதை ஊதுகிற இன்ஃபிளேற்றரும் இல்லை. மஞ்சள் கனெக்டரில் ஒரு பயறளவு ரெசிஸ்டரைச் செருகிக் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது. பை இருக்கிறது என்று கம்பியூட்டரை நம்ப வைக்க அது போதும். ஸ்பைரல் கேபிள் அறுந்திருக்காவிட்டால் அந்த விளக்கு எரிந்தே இருக்காது, எங்களுக்கும் தெரிய வந்திருக்காது.

மாமா அந்த ரெசிஸ்டரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்பது வருசம்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நானா ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தார். மோதிய பதிவு இல்லை. இடப்பக்க டாஷ்போர்டுக்குள் மாமியின் பக்கத்துப் பை இருந்தது. "இது அடிபட்டு வெடிச்சதில்ல. ஆரோ கழட்டி எடுத்திருக்காங்க." ஆனாலும் ஒரு சுற்றில் பழுது காட்டினால் மற்றப் பையும் விரியும் என்று நம்பிக்கொண்டு ஓடக் கூடாது என்றார்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய கார்ப் பாகங்கள் விற்கிற, தெரிந்த கடைக்கு நானா அழைப்பு எடுத்தார். ஸ்டியரிங் எயார்பேக்கோடு இருக்கிறது, இரவு பஸ்ஸில் போட்டுவிடலாம் என்றார்கள். பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். படம் வந்ததும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். டகாட்டா. எயார்பேக் செய்த ஜப்பான் கம்பெனி, அந்தப் பெயர் கனடாவில் கார் வைத்திருக்கிற பலருக்கும் தெரியும். அவர்களுடைய பல இன்ஃபிளேற்றர்களில் இருந்தது அமோனியம் நைத்திரேற்று. வருடக்கணக்கான சூட்டிலும் ஈரப்பதனிலும் அது பழுதாகி, விரிய வேண்டிய நேரத்தில் அளவுக்கு மிஞ்சி வெடிக்கும். இரும்புக் கூடு சிதறி ஓட்டுகிறவரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள், 2017 இல் கம்பெனி வங்குரோத்தானது. அமெரிக்காவில் கூடுதலாகக் கவனித்த இடங்கள் புளோரிடா மாதிரிச் சூடும் ஈரமும் நிறைந்த கரையோரங்கள். திருகோணமலை வேறெப்படி? "டகாட்டா எல்லாம் கெட்டதில்ல. ஆனா இது எந்தக் காரில, எத்தினை வருசம் வெயில்ல நிண்டதெண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை சேருக்கு நெஞ்சுக்கு நேர பூட்ட மாட்டன்," என்றார் நானா.

ஆகவே இப்படித் தீர்த்தோம். ஸ்டியரிங் வளையம் மட்டும் பழையது, பதினெட்டாயிரம். ஸ்பைரல் கேபிள் புதிது. எயார்பேக்கை முகவர் மூலம் சேசிஸ் இலக்கம் கொடுத்து ஜப்பானிலிருந்து எடுப்பிப்பது, இரண்டு லட்சத்துக்குக் கிட்ட, வர ஆறு கிழமை. மாமா வேண்டாம் என்று எவ்வளவோ மறித்தார். அது என் கணக்கு.

மூன்றாம் நாள் திரும்பிப் போனோம். நடு நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று புரி விட்டு வைத்தார், ஸ்டியரிங் திடீரென்று கழன்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க. தண்டிலும் வளையத்திலும் ஒரு கோடு கீறிவிட்டுப் புல்லரைப் பூட்டி இழுத்தார். டக்கென்று விட்டது. பழைய கேபிளைத் திறந்து காட்டினார். மடிப்பு விழுந்த இடத்தில் செப்பு மயிரிழைபோல் அறுந்து கிடந்தது. புதியதைப் பூட்ட முதல், அது நிற்கிற மட்டும் மெதுவாக ஒரு பக்கம் சுற்றி, பிறகு எண்ணிக்கொண்டு இரண்டரைச் சுற்றுத் திருப்பி, அம்புக்குறியை அடையாளத்துக்கு நேர் பிடித்தார். அந்த நடு தவறினால், முழுக்கத் திருப்புகிற முதல் நாளே புதிய கேபிளும் அறும் என்றார். நட்டை அளவுச் சாவியால் ஐம்பது நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினார். ஹோர்ன் அடித்தது. வேப்பமரத்தில் இருந்த காகம் எழும்பிப் போனது.

கூலி ஏழாயிரத்து ஐந்நூறு. நான் பத்தாயிரம் கொடுத்தேன். மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.

விளக்கு இன்னும் எரிந்தது. பை வரும்வரை அந்த ரெசிஸ்டரைப் போட்டு அணைத்து விடவா என்று மாமாவே கேட்டார், பார்க்கிறவர்கள் கேட்கிறார்களாம். நானா தலையை ஆட்டினார். "இல்ல சேர். பை இல்ல, லைட் பத்துது. சரியாத்தானே சொல்லுது. அது வரைக்கும் பெல்ட்டைப் போட்டு, சீட்டை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி இருந்து ஓட்டுங்க." ரெசிஸ்டரைக் கேட்டு வாங்கிக் குறட்டால் இரண்டாக நறுக்கினார்.

நான் திரும்பி வந்து ஏழாவது கிழமை, ஸ்காபரோவில் விடிய நாலு மணிக்கு மாமாவின் வீடியோ அழைப்பு வந்தது. கிண்ணியாவில் நின்றார். நானா பையை, முகம் மேலே பார்க்க மேசையில் வைத்திருந்தார் என்றும், இப்போது பூட்டி முடிந்தது என்றும் மூச்சு விடாமல் சொன்னார். பிறகு கமராவை டாஷ்போர்டுக்குத் திருப்பிச் சாவியைத் திருகினார். சிவப்புப் படம் எரிந்தது. நானும் கணவரும் கட்டிலில் இருந்தபடி எண்ணினோம். ஆறுக்கு அணைந்தது.

"பாத்தியா? திரும்ப ஒருக்காப் போட்டுக் காட்டட்டா?" என்றார் மாமா.