அப்பாவின் ஃபோல்டரை 'பழைய மிச்சம்' என்று அழித்துவிட்டார்கள்: விண்டோஸ் 11 ஏற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் யாராவது லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றக் கடையில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. இது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது.

எங்கள் வீட்டு லேப்டாப் 2019-இல் வாங்கியது. அதிகம் பயன்படுத்தியது அப்பாதான். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஒவ்வொரு பறிப்புக்கும் எத்தனை கிலோ கொழுந்து, எந்தப் பேக்டரிக்குப் போனது, கிலோ என்ன விலை, பறிக்க வந்தவர்களுக்கு எவ்வளவு கூலி என்று எல்லாம் எக்ஸெலில் ஏற்றி வைப்பார். கடைசிக் கட்டத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். 'மழை, பறிக்கவில்லை.' 'உரம் போட்டாச்சு.' 'கவாத்து முடிந்தது.' அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய அக்கவுன்ட்டை நாங்கள் தொடவே இல்லை. பாஸ்வேர்டு அம்மாவுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நவம்பரில், நல்ல மழையில், நான் கடைக்குக் கொண்டுபோனேன். "டேட்டா எதுவும் போகாது அக்கா. இருக்கிறது மேலேயே ஏத்திடுவோம்" என்றார் அங்கிருந்த தம்பி. மூன்று நாள் கழித்து வாங்கி வந்தேன். பில்லில் இரண்டு வரி: அப்கிரேடு 800 ரூபாய், க்ளீனிங் 300 ரூபாய். க்ளீனிங் என்று நான் கேட்கவே இல்லை. தூசி தட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அங்கேயே என்னவென்று கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் அக்கவுன்ட்டைத் திறந்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஒன்பது நாள் கழித்து, பேக்டரி பாக்கி ஒன்றைப் பற்றிப் பேச 2022 கணக்கு தேவைப்பட்டது. அம்மா லாகின் திரையில் அப்பாவின் பெயரைத் தொட்டுப் பாஸ்வேர்டு போட்டார். உள்ளே போனது. ஆனால் அப்பா வைத்திருந்த தோட்டத்துப் படம் இல்லை. டெஸ்க்டாப்பில் குப்பைத்தொட்டி ஐகானைத் தவிர ஒன்றும் இல்லை. தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள், இங்கே சேமிப்பது வெளியேறியதும் அழிந்துவிடும் என்ற பொருளில் ஒரு ஆங்கில அறிவிப்பு மட்டும். "அப்பா பேர் வருதே, ஏன் ஒண்ணும் இல்ல?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். என் ஃபோல்டர் இருந்தது, 'பப்ளிக்' இருந்தது. அப்பாவுடையது இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டபோது அந்தத் தம்பி மறைக்கவில்லை. "சி டிரைவ் ஃபுல்லா சிவப்பா இருந்துச்சு அக்கா. பழைய விண்டோஸ் மிச்சம் ரெண்டு யூசர் ஃபோல்டர் கிடந்துச்சு, எடுத்துட்டேன். அதான் க்ளீனிங்." இரண்டில் ஒன்றின் பெயர் 'டிஃபால்ட்யூசர்0'. அது உண்மையிலேயே மிச்சம்தான். விண்டோஸ் ஏற்றும்போது தற்காலிகமாக உருவாகிச் சில கம்ப்யூட்டர்களில் நீங்காமல் தங்கிவிடும் ஃபோல்டர், எடுத்தால் நஷ்டம் இல்லை. மற்றது 'யூசர்' என்ற பெயரில் இருந்தது. அதுதான் அப்பாவுடையது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். லேப்டாப் வாங்கிய அன்று விற்ற இடத்தில் 'யூசர்' என்று போட்டு அக்கவுன்ட் உருவாக்கிக் கொடுத்தார்கள். பிறகு அப்பா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அக்கவுன்ட்டின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது, முதல் நாள் வைத்ததே இருக்கும். என்னுடையது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட், அதனால் என் ஃபோல்டருக்கு மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துதான் பெயர். ஆக, ஃபோல்டர் பெயரை மட்டும் பார்த்து யாருடையது, தேவையா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. திறந்து பார்க்க வேண்டும். ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸைப் பார்த்திருந்தால்கூடப் போதும். அப்பாவுடையது 40 ஜிபிக்கு மேல். மிச்சத்தில் 40 ஜிபி எப்படி இருக்கும்? எனக்கு ஆறவே இல்லாத இடம் இதுதான். இடம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்காகவே அதை அழித்திருக்கிறார், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல்.

ஃபோல்டரை மட்டும் அழித்தால் அக்கவுன்ட் போவதில்லை. இந்த ஆளின் ஃபோல்டர் இங்கே இருக்கிறது என்ற பதிவு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்படியே இருக்கும். விண்டோஸ் அங்கே போய்த் தேடும், கிடைக்காது, தற்காலிகமாக ஒன்றைத் திறந்து காட்டும். அம்மா பார்த்தது அதைத்தான். லாகின் திரையில் பெயர் இருக்கும் ஒருவருடைய ஃபோல்டரை மிச்சம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கோயம்புத்தூர் வரை கொண்டுபோய்க் காட்டினேன். ஹார்டு டிஸ்க்காக இருந்தால் மேலே வேறு எழுதப்படாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. எங்கள் லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை. அதில் அப்படி இல்லை. அழித்த இடத்தைக் காலி என்று விண்டோஸ் டிரிம் கட்டளை வழியாக உடனே சொல்லிவிடும், எஸ்எஸ்டியும் தானாகவே அதைத் துடைத்துவிடும். அதற்குள் ஒன்பது நாள் பயன்படுத்தியும் ஆகிவிட்டது. பெயர்கள் சில தெரிந்தன, உள்ளே எதுவும் இல்லை.

கொடுக்கும் முன் 'யூசர்ஸ்' ஃபோல்டரை முழுவதுமாக ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். உங்களுடையதை மட்டும் எடுத்தால் போதாது, வீட்டில் எல்லோருடையதையும் எடுங்கள். எந்தக் கோப்பையும் நீக்கக் கூடாது என்று வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மெஷினைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே ஒவ்வொரு அக்கவுன்ட்டையும் திறந்து பாருங்கள். 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய விண்டோஸுக்குத் திரும்ப அதுதான் வழி, பத்து நாளில் தானாகப் போய்விடும். எங்கள் மெஷினில் அதையும் சேர்த்தே அழித்திருந்தார்கள்.

உண்மையிலேயே மிச்சம் கிடந்தால், சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் யூசர் புரொஃபைல்ஸைத் திறங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, கடைசியாக எப்போது மாறியது என்று காட்டும். ஆள் இல்லாத புரொஃபைலுக்கு 'அக்கவுன்ட் அன்னோன்' என்று இருக்கும். அதைக்கூட நகல் எடுத்த பிறகு, அங்கிருந்தே நீக்குங்கள். அப்போது பதிவும் சேர்ந்து போகும். 'பப்ளிக்', 'டிஃபால்ட்' இரண்டையும் தொடாதீர்கள்.

அப்புறம், அவசரப்படவும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை பெறலாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. எனக்கு அது அப்போது தெரியாது. கடையிலும் யாரும் சொல்லவில்லை.

கடைக்காரர் 1,100 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். கேட்காத வேலையைச் செய்து அப்பாவின் கோப்புகளை அழித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதில் தீராவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில்லும், தற்காலிக புரொஃபைல் அறிவிப்பைப் போனில் எடுத்த படமும் பத்திரமாக இருக்கின்றன.

இதுவரை கிடைத்தது ஒரே ஒரு கோப்பு. 2021 கணக்கை அப்பா என் மாமாவுக்கு மெயிலில் அனுப்பியிருந்தார். மாமா தேடி எடுத்து அனுப்பினார். அம்மா அதைப் பிரின்ட் எடுக்கச் சொல்லி, கடைசிக் கட்டத்தில் இருக்கும் குறிப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார். அப்பா வேறு யாருக்காவது கணக்கோ படமோ அனுப்பியிருக்கிறாரா என்று சொந்தக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.