தங்க நானோ துகளுக்கு எந்தப் பூச்சு: சிட்ரேட்டா, பெக்கா?

என் வேலைக்குத் தங்க நானோ துகள்கள் உப்புக் கரைசலில் இருந்தாக வேண்டும். அதனால் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீண்ட சங்கிலிப் பாலிமர்) பக்கம் போய்விட்டேன். இந்த அலசலும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேதான் இருக்கும்.

சிட்ரேட்டின், அதாவது சிட்ரிக் அமில உப்பின், நிறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. தங்க உப்பைச் சிட்ரேட்டோடு கொதிக்கவைத்துத் துகள் செய்வது 1951-இல் டர்கெவிச் குழு எழுதிய வழி; அதிலேயே 1973-இல் ஃபிரென்ஸ் சிட்ரேட் விகிதத்தை மாற்றித் துகளின் அளவை மாற்றிக் காட்டினார். மலிவு, சுலபம், சில நிமிடங்களில் ஒயின் சிவப்பு. பெக் வழிக்கும் பெரும்பாலும் இதுவே முதல் படி. அப்புறம் முனையில் தயால் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) உள்ள பெக் பாலிமரைச் சேர்த்துக் கலக்க விட்டால், கந்தகம் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். சங்கிலிகள் தாமாகவே துகளைச் சுற்றி நின்றுவிடும்.

முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். சிட்ரேட் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் வைத்திருப்பது எதிர்மின்னூட்டம். 1 மில்லிமோலார் உப்பில் அந்த விலக்கம் சுமார் 10 நானோமீட்டர் வரை எட்டும், 0.15 மோலாரில், அதாவது உடல் திரவத்தின் அளவு உப்பில், 1 நானோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். துகள்கள் நெருங்குகின்றன, வான்டர்வால்ஸ் ஈர்ப்பு (நெருங்கிய துகள்களுக்கிடையே எழும் இழுவிசை) ஜெயிக்கிறது. சிவப்பு ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் அடியில் கருப்புத் தூள், மேலே வெறும் தண்ணீர். ஒளி உறிஞ்சலில் 520 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே இருந்த உச்சம் தணிந்து, 600-க்கு மேல் அகன்ற மேடு எழும்.

கழுவுவதும் தலைவலிதான். சென்ட்ரிஃபியூஜில் சுற்றிச் சுற்றிக் கழுவினால் சிட்ரேட்டும் குறைந்துகொண்டே போகும்; ஒரு கட்டத்தில் துகள்கள் குழாய்ச் சுவரில் கரும்படலமாக ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு குலுக்கினாலும் வராது. பெக் பூசியது அடியில் தளர்வான சிவப்புத் துளியாகத் தங்கும், விரலால் தட்டினாலே கலைந்துவிடும். சங்கிலிகளுக்கு மின்னூட்டம் இல்லை. நீரை இழுத்து வைத்துக்கொண்டு இடத்தை அடைத்தே துகள்களை விலக்குகின்றன. எனவே உப்பு அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை.

ஃபாரடே 1850-களில் செய்த தங்கக் கூழ்மம் (நீரில் மிதக்கும் நுண்ணிய தங்கத் துகள்கள்) இன்றும் சிவப்பாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அதில் சிட்ரேட்டும் இல்லை, பெக்கும் இல்லை. அதை யாரும் உப்புக் கரைசலில் ஊற்றவுமில்லை.

சிட்ரேட் வெல்லும் இடமும் உண்டு. நிறமாற்றத்தை நம்பிய உணரிகளுக்குத் துகள்கள் சேர வேண்டும். அங்கே பெக் முட்டுக்கட்டை. மேற்பரப்பில் வேறு மூலக்கூறை ஒட்டவும் சிட்ரேட்டே வசதி, சுலபமாக இடம் விட்டுக்கொடுக்கும். உயிருள்ள உடலுக்குள் செலுத்தும் வேலையை நான் செய்ததில்லை, அதில் என் சாய்வை நம்பாதீர்கள். அங்கே உயிரணுக்களில் உள்ள குளுட்டாதயோன் போன்ற தயால்கள் பெக்கையும் மெல்லப் பெயர்க்கக்கூடியவை.

பெக் வாங்கினால் சிறு குப்பிகளாகப் பிரித்து, ஈரம் படாமல் குளிரில் வையுங்கள். கரைசலைப் பயன்படுத்தும் அன்றே தயாரியுங்கள். காற்றுபட்டுக் கிடந்தால் தயால்கள் இணைந்து டைசல்ஃபைடாகிவிடும்.