புது டாங்கி என்று பில், உள்ளே பெயிண்ட் அடித்த பழைய டாங்கி

கனடாவில் பழைய போட் வாங்கி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

என்னுடையது 19 அடி ஃபைபர் போட், 2003 மாடல். சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு சிம்கோ ஏரியில் சுற்ற வாங்கினேன். பெட்ரோல் டாங்கி தரைக்கு அடியில், கண்ணுக்கே தெரியாது. போன வருஷம் லேசாகப் பெட்ரோல் வாடை வந்ததும் ஒரு பழுது பார்க்கும் இடத்தில் விட்டேன். அலுமினியம் அரித்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். புது டாங்கி, ஸ்டீல் பட்டைகள், ரப்பர், அழுத்தச் சோதனை என்று பில் போட்டு 3,400 டாலர் வாங்கினார்கள். தரையை ஒட்டி மூடியபிறகுதான் எனக்குக் காட்டினார்கள். நானும் கட்டிவிட்டு வந்தேன்.

இந்த ஜூனில் மறுபடி வாடை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், போட்டின் அடிப்பகுதியில் தேங்கி நிற்கும். இன்ஜின் போடும் முன் நாலு நிமிஷம் ப்ளோயரை, அதாவது அந்த ஆவியை வெளியே தள்ளும் விசிறியை, ஓடவிடச் சொல்வது அதற்குத்தான். அன்று ப்ளோயர் தள்ளிய காற்றே குப்பென்று அடித்தது. பின்சீட்டில் என் பெண். சாவியைத் தொடாமல் எல்லோரையும் இறக்கிவிட்டேன்.

வேறொரு மெக்கானிக் தரையை அறுத்தார். உள்ளே பளபளவென்று கறுப்பு டாங்கி. லேபிள் மேலும் பெயிண்ட்! டாங்கி லேபிளில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். அவர் சுரண்டினார்: மார்ச் 2003. அடியில் பழைய ஓட்டைக்கு எபாக்சி பசை அப்பியிருந்தது.

ஸ்டீல் பட்டை என்று எழுதியது, குழாயைச் சுவரில் மாட்டும் ஓட்டைத் தகடு. நடுவில் ரப்பர் இல்லாததால் அலுமினியத்தை உரசிப் பள்ளமாக்கியிருந்தது. பிடிமானத்துக்கு ஜன்னல் சந்தில் அடிக்கும் ஃபோம் ஸ்ப்ரே வேறு. அது தண்ணீர் குடித்து, பஞ்சு மாதிரி டாங்கியோடு ஒட்டிக் கிடந்தது. காற்றுப் படாமல் ஈரம் நின்றால் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரித்துப் போகும். டாங்கி நிறைந்தால் 100 லிட்டர், கிட்டத்தட்ட 75 கிலோ. காற்றடிக்கும் நாளில் சிம்கோ அலை குட்டை குட்டையாக வந்து குத்தும். ஒவ்வொரு குத்துக்கும் அத்தனை எடையும் நகர்ந்து நிரப்பும் ஹோஸை இழுத்திருக்கிறது. ஹோஸ் முனையில் இரண்டு கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான், அதுவும் துருப்பிடித்தது.

பழைய இடத்துக்குப் போய்க் கேட்டால், "பழைய போட் என்றால் வாடை வரத்தான் செய்யும்" என்கிறார் முதலாளி.

இப்போது நிஜமாகவே புது டாங்கி. அடியில் காற்றுப் போக நியோப்ரீன் ரப்பர் பட்டைகள், பெட்ரோல் ஊற்றும் மூடியிலிருந்து டாங்கிக்கு எர்த் வயர், எல்லாம் சரி. லேபிளையும் அழுத்தச் சோதனை கேஜையும் நானே படம் எடுத்த பிறகுதான் தரையை மூடவிட்டேன். நீங்களும் அதற்குமுன் பணம் கட்டாதீர்கள். பழைய டாங்கியையும் கேட்டு வாங்குங்கள், கொடுக்கத் தயங்கினால் அங்கேயே சந்தேகப்படலாம்.

என் பழைய டாங்கி கராஜில் பத்திரமாக இருக்கிறது. சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் அதைத்தான் காட்டப் போகிறேன்.