கடலோர வீட்டில் ஒளிந்திருக்கும் நீர்க்கசிவு: எந்தச் சோதனையை நம்பலாம்?

கடலோர வீட்டில் சுவர் நனைந்திருப்பதால் மட்டும் உள்ளே குழாய் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். கடல்காற்றோடு வந்ததும், கழுவாத மணலோடு பூச்சில் கலந்ததுமான உப்பு சுவருக்குள் இருந்துகொண்டு இந்த வேலையைத்தான் செய்கிறது. சுவர் காய்ந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அடியில் மணல் என்றால், தரைக்குள் போகும் குழாய் மாதக்கணக்கில் ஒழுகினாலும் மேலே ஒன்றும் தெரியாது. அத்தனையும் மணலுக்குள் இறங்கிவிடும்.

ஆகவே கறையைப் பார்த்துச் சுவரை உடைக்காதீர்கள். எந்தச் சோதனையை எடுத்தாலும் முதலில் பார்க்கவேண்டியது, உப்பும் ஈரக்காற்றும் அதை ஏமாற்றுமா என்பதைத்தான்.

மீட்டர், தொட்டி மட்டம், பிரஷர் கேஜ்

இந்த மூன்றையும் உப்பு ஏமாற்றாது. இவை ஈரத்தைப் பார்ப்பதில்லை, காணாமல் போகும் தண்ணீரைப் பார்க்கின்றன.

தண்ணீர் மீட்டர் சோதனை எளிது. எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் மிதவை வால்வுக்கு முன்னால் இருக்கும் வால்வையும் அடைத்து, அளவைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு உண்டு. நகராவிட்டால் கசிவே இல்லை என்று அர்த்தமில்லை: சொட்டுச் சொட்டாகப் போகும் ஓட்டத்துக்குப் பழைய மீட்டர் சுற்றாது. மேல்நிலைத் தொட்டி உள்ள வீட்டில் தொட்டிக்குப் பிந்தைய குழாய்கள் மீட்டரின் கண்ணில் படுவதே இல்லை.

அந்தப் பகுதிக்குத் தொட்டி மட்டம்தான் சரி. இரவில் உள்வரும் தண்ணீரை நிறுத்தி, மூடியை மூடி, மட்டத்தைக் குறித்துவிட்டு 8 மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்காமல் இருக்கவேண்டும். 1.1 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 1 லிட்டர் போயிருக்கிறது. மறுநாள் இரவு வெளியேறும் வால்வையும் அடைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். அப்போதும் அதே அளவு இறங்கினால் ஓட்டை தொட்டியில். இறங்காவிட்டால் குழாயிலோ, கழிப்பறை ஃபிளஷ் தொட்டியிலோ. ஃபிளஷ் தொட்டியில் சாயம் கரைத்து அரை மணி நேரம் விட்டால், கோப்பையில் நிறம் வருகிறதா என்பதிலேயே அது தெரிந்துவிடும். தரைத்தொட்டியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கடலுக்கு மிக அருகில் நிலத்தடி நீர் ஓதத்தோடு, அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு, ஏறி இறங்கும். விரிசல் விட்ட தொட்டிக்குள் வெளித்தண்ணீர் புகவும் செய்யும். குறைந்தது ஒரு முழு ஓதச் சுற்று, அதாவது பன்னிரண்டரை மணி நேரம் அளந்தால்தான் பயன்.

மூன்றிலும் தீர்மானமான பதில் தருவது பிரஷர் கேஜ். வெந்நீர் லைனையும் குளிர்நீர் லைனையும் பிரித்து, ஹீட்டரைக் கழற்றி ஒதுக்கி, குழாய் முனைகளில் பிளக் போட்டு, காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டு, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றவேண்டும். நல்ல நிலையில் உள்ள பிளாஸ்டிக் குழாய்க்கு வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு வரை போகலாம். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் வழக்கமான அழுத்தத்தைத் தாண்டவே கூடாது; உப்பரித்த மரை பிய்ந்து, இல்லாத கசிவு உண்டாகிவிடும். பிளாஸ்டிக் முதலில் கொஞ்சம் விரிவதால் முள் தானாகவே இறங்கும். அரை மணி நேரம் கழித்துத் திரும்ப ஏற்றி, அதன்பின் ஒரு மணி நேரம் கவனியுங்கள். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு கேட் வால்வை நம்புவது. உப்புப் படிந்த வால்வு முழுதாக உட்காராமல் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கும். கேஜ் இறங்குவதைப் பார்த்துச் சுவரைக் குற்றம் சொல்வார்கள். வால்வு இருக்கும் இடத்திலும் பிளக்கே போடுங்கள்.

கழிவுநீர்க் குழாயில் அழுத்தம் இல்லாததால் இந்த மூன்றும் அங்கே உதவாது. முதலில் ஒரு ஹோஸ் வழியாகத் தரை வடிகாலுக்குள் மட்டும் தண்ணீர் விடுங்கள். கீழே ஈரம் கூடினால் குழாய். கூடாவிட்டால் வடிகாலை அடைத்து 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் பாருங்கள். இப்போது கூடினால் தரையின் நீர்த்தடுப்பில் கோளாறு. வரிசையை மாற்றினால் இரண்டும் குழம்பிவிடும்.

ஈரமானியா, டிடிஎஸ் மீட்டரா?

ஊசி வைத்த ஈரமானி மின்கடத்தலைத்தான் அளக்கிறது. உப்பு இருந்தால் கடத்தல் கூடும், அதனால் ஓரளவே ஈரமான சுவரையும் ஊறிய சுவராகக் காட்டும். கடலோரத்தில் இதன் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கால்சியம் கார்பைடு சோதனை மேலானது: துளையிட்ட தூளை எடைபோட்டு மூடிய குப்பியில் கார்பைடோடு குலுக்கினால், எழும் வாயுவின் அழுத்தமே தண்ணீரின் அளவைச் சொல்லும். பூச்சிலிருந்து ஒரு மாதிரி, 50 முதல் 80 மில்லிமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு மாதிரி எடுங்கள். உள்ளே ஈரம் கூடுதலென்றால் தண்ணீர் உள்ளிருந்து வருகிறது. மேற்பரப்பில் மட்டுமென்றால் பெரும்பாலும் உப்பும் காற்றும்தான்.

கசியும் தண்ணீரைக் கொஞ்சம் பிடிக்க முடிந்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் மலிவான டிடிஎஸ் மீட்டரே பெரிய துணை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35,000 மில்லிகிராம் உப்பு. பிடித்த தண்ணீரின் உப்பளவு வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒட்டி இருந்தால், வந்த இடம் ஏறக்குறைய உறுதி. ஆனால் அளவு அதிகமாக இருந்தால் நிலத்தடி நீர் என்று சொல்லிவிட முடியாது. நல்ல தண்ணீரும் உப்புச் சுவர் வழியே வரும்போது உப்பைக் கரைத்துக்கொண்டுதான் வரும்.

இடத்தைக் கண்டுபிடிக்க: ஒலி, வெப்பம், வாயு

கசிவின் சத்தத்தைக் கேட்க உதவும் ஒலிக்கருவி, உலோகக் குழாயும் நல்ல அழுத்தமும் இருக்கும் இடத்தில் அருமையான கருவி. பிளாஸ்டிக் ஒலியை விழுங்கிவிடும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீட்டில் கசிவு சத்தமே போடாது. குழாய் தாங்குமென்றால் பம்பால் 3 பார் ஏற்றி, காற்று ஓய்ந்த இரவில் கேட்கலாம்.

தெர்மல் கேமரா வெந்நீர் லைனுக்கு நல்லது: 20 நிமிடம் வெந்நீர் ஓடவிட்டுப் பார்த்தால் சூடு பரவிய இடம் பளிச்சென்று தெரியும். குளிர்நீர்க் கசிவை அது பெரும்பாலும் ஆவியாதலின் குளிர்ச்சியால்தான் கண்டுபிடிக்கிறது. ஈரக்காற்றில் ஆவியாதலே மந்தம் என்பதால் படம் மங்கிவிடும். ஏசி குளிர்வித்த சுவரும் கசிவுபோலவே தெரியும்.

மணலுக்குள் புதைந்த பிளாஸ்டிக் குழாய்க்கு என் தேர்வு வாயுதான். லைனை வடித்துவிட்டு, 5 சதவீதம் ஹைட்ரஜனும் 95 சதவீதம் நைட்ரஜனும் கலந்த, தீப்பற்றாத வாயுவைச் செலுத்தித் தரையில் உணர்கருவியால் தேடுவார்கள். டைல்ஸுக்கு அடியில் வாயு பரவிச் சுவரோரம் வெளிவந்து ஆளை ஏமாற்றும். இணைப்புக் கோடுகளில் 6 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, எந்தத் துளையில் அளவு மிக அதிகம் என்று ஒப்பிடவேண்டும். குழாய் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருந்தால் வாயு மேலேற நேரம் கொடுங்கள்.

பழுதை நீக்கியதும், பூசுவதற்கு முன்பே பிரஷர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கறைக்கு வெளியே 30 சென்டிமீட்டர் வரை உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்துவிடவேண்டும். அதை விட்டுவைத்தால், ஈரக்காற்று அடிக்கும் நாளில் சுவர் திரும்ப நனையும். சரியாகிவிட்ட குழாயைத் தேடி இன்னொரு முறை உடைப்பார்கள்.