நிறுவன இணைப்புகளைப் பின்தொடரும் மென்பொருள்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நிறுவன இணைப்புகளையும் கையகப்படுத்தல்களையும் பின்தொடர்ந்து பகுத்தாய்வதற்காக, எங்கள் ஆய்வுக் குழுவின் தேவைக்கேற்ப ஒரு சிறிய மென்பொருள் குழு உருவாக்கிக் கொடுத்த கருவியை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். சந்தையில் விற்பனைக்கு வந்த பொருள் அன்று என்பதால் பெயரைச் சொல்வதில் பயனில்லை. இதேபோன்ற ஒன்றைத் தாமே எழுதவோ பிறரைக் கொண்டு செய்விக்கவோ எண்ணுவோருக்கு, இது எங்கே கைகொடுத்தது, எங்கே இடறியது என்பது பயன்படக்கூடும்.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது ஓர் எக்செல் தாள். ஓர் ஒப்பந்தத்துக்கு ஒரு வரி. விலை மாறினால் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவோம். இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய தவறு என்பது பழைய ஒப்பந்தங்களை மீண்டும் ஆராய வேண்டிவந்தபோதுதான் உறைத்தது. நகை நிறுவனமான டிஃபனியை வாங்க, பிரான்சின் ஆடம்பரப் பொருள் நிறுவனமான எல்விஎம்ஹெச் 2019 நவம்பரில் ஒப்புக்கொண்ட விலை பங்குக்கு 135 டாலர். இடையில் வழக்கு வரை போய், 2020 அக்டோபரில் அது 131.50 டாலராகக் குறைந்து, 2021 ஜனவரியில் ஒப்பந்தம் நிறைவேறியது. எங்கள் தாளில் 131.50 மட்டுமே இருந்தது. 2020 ஏப்ரலில் ஒரு முதலீட்டாளர் எந்த விலையை நம்பிக் கணக்குப் போட்டார் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் விடையே இல்லை.

புதிய கருவியின் மிகச் சிறந்த பகுதி இந்தக் குறையைத் தீர்த்த விதம்தான். ஒவ்வொரு நிபந்தனைக்கும் அது இரண்டு தேதிகளைப் பதிவு செய்கிறது: அந்த நிபந்தனை நடைமுறைக்கு வந்த தேதி ஒன்று, அது பொதுவெளிக்குத் தெரியவந்த தேதி மற்றொன்று. எதையும் அழிப்பதில்லை, மாற்றம் வந்தால் புதிய வரி சேரும். சோதனைக்காக மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கிய ஒப்பந்தத்தின் ஆவணங்களை உள்ளிட்டோம். 2022 ஜனவரி 18 அன்று பங்குக்கு 95 டாலர், மொத்தம் 68.7 பில்லியன் டாலர் என்று அறிவிக்கப்பட்ட அந்த ஒப்பந்தத்துக்கு 2023 ஜூலை 18 கெடுவாக இருந்தது. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 ஏப்ரலில் தடை விதித்திருந்ததால் கெடுவுக்குள் முடியவில்லை. எனவே அதை அக்டோபர் 18 வரை நீட்டித்ததோடு, ஒப்பந்தம் முறிந்தால் மைக்ரோசாஃப்ட் தர வேண்டிய, 3 பில்லியன் டாலராக இருந்த முறிவுக் கட்டணத்தை ஆகஸ்ட் 29க்குப் பின் 3.5 பில்லியன், செப்டம்பர் 15க்குப் பின் 4.5 பில்லியன் என்று படிப்படியாக உயர்த்தவும் இரு தரப்பும் இசைந்தன. கருவியில் 2023 ஜூலை 10 என்று தேதியிட்டுப் பார்த்தால் பழைய கெடுவும் பழைய கட்டணமும் தெரிகின்றன. ஜூலை 20 என்று மாற்றினால் மூன்று படிகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. இந்த ஒரு வசதிக்காகவே கொடுத்த பணம் தகும் என்பது என் கருத்து.

ஆவணங்களைத் திரட்டும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நிறுவனங்கள் தாக்கல் செய்யும் ஆவணங்களை வெளியிடும், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்ஜர் தளத்திலிருந்து 8-கே, எஸ்-4, டிஇஎஃப்எம்14ஏ போன்ற படிவங்களை எடுக்கிறது. நொடிக்கு 10 கோரிக்கைகள் என்ற ஆணையத்தின் வரம்பைத் தாண்டுவதில்லை.

திரட்டியதைப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல் தொடங்கியது. விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கிய ஒப்பந்தத்தில், பங்குதாரர் ஒரு பங்குக்கு 142.50 டாலர் ரொக்கமாகவோ 0.2520 பிராட்காம் பங்காகவோ கேட்கலாம். ஆனால் மொத்தத்தில் பாதிப் பங்குகளுக்கு ரொக்கம், மீதிப் பாதிக்கு பிராட்காம் பங்கு என்று உச்சவரம்பு உண்டு. முதல் பதிப்பு முதலில் கண்ணில் பட்ட 142.50ஐ எடுத்துக்கொண்டு, அது முழு ரொக்க ஒப்பந்தம் என்று சாதித்தது. பிராட்காமின் பங்கு விலை ஏற ஏற, விஎம்வேர் பங்கு ஒப்பந்த விலையைவிட உயர்வாக விற்பதாகக் காட்டி, போட்டிக்கு வேறொரு நிறுவனம் வரக்கூடும் என்ற அறிவிப்பையும் எழுப்பியது. சராசரியாக ஒரு பங்குக்கு 71.25 டாலர் ரொக்கமும் 0.1260 பங்கும் என்று பிரித்துக் கணக்கிட இப்போது அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இருந்தும், இதுபோன்ற விருப்பத் தேர்வுள்ள ஒப்பந்தங்களை மனிதர் ஒருவர் படித்து ஒப்புதல் தராமல் கணக்கில் சேர்க்க நாங்கள் விடுவதில்லை.

நாள் கணக்கிலும் இதே கதைதான். அமெரிக்கப் போட்டிச் சட்டத்தின்படி இணைப்புக்கு முன் காத்திருக்க வேண்டிய காலம் பொதுவாக 30 நாள். அது நாட்காட்டி நாள். பங்குதாரர்களிடம் நேரடியாகப் பங்கு வாங்கும் அழைப்பு குறைந்தது 20 நாள் திறந்திருக்க வேண்டும். அது வேலை நாள். கருவி இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்ததால், முதல் மாதத்தில் எங்கள் கால அட்டவணையை நம்ப முடியாமல் போனது. சுட்டிக்காட்டிய மறுநாளே திருத்திவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெயர் குழப்பம் வேறு வகை. 2005இல் எஸ்பிசி நிறுவனம் ஏடி அண்ட் டி கார்ப்பரேஷனை வாங்கி, வாங்கப்பட்ட நிறுவனத்தின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. பெயரை வைத்துத் தேடும் மென்பொருளுக்கு, விழுங்கியவர் யார், விழுங்கப்பட்டவர் யார் என்பதே தலைகீழாகிவிடும். எங்களுடையதற்கும் அப்படித்தான் ஆனது. நிறுவனங்களுக்கு எட்ஜர் தரும் அடையாள எண்ணைக் கொண்டு ஆவணங்களை இணைத்த பிறகுதான் இது ஓய்ந்தது. தொடக்கத்திலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். இந்தத் துறையில் ஒருமுறையேனும் வேலை செய்தவர் பெயரை நம்பமாட்டார்.

எனக்கு உண்மையான மனக்குறை, ஒப்பந்தம் நிறைவேறும் வாய்ப்பை ஒற்றை சதவீதமாகக் காட்டும் முகப்புத் திரை மீதுதான். கணக்கு எளிது: இன்றைய சந்தை விலையிலிருந்து, ஒப்பந்தம் முறிந்தால் பங்கு விழக்கூடிய விலையைக் கழித்து, அதை ஒப்பந்த விலைக்கும் அந்த முறிவு விலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். முறிவு விலை என்பது ஊகம். கருவியோ அறிவிப்புக்கு முந்தைய விலையை அந்த இடத்தில் தானாகவே நிரப்பிவிடுகிறது. ஸ்பிரிட் விமான நிறுவனத்தை மற்றொரு விமான நிறுவனமான ஜெட்புளூ பங்குக்கு 33.50 டாலருக்கு வாங்கவிருந்த ஒப்பந்தத்தைக் கொடுத்துப் பார்த்தோம். ஸ்பிரிட்டை வாங்குவதற்கான ஏலப்போட்டி தொடங்குவதற்கு முன், 2022 பிப்ரவரி தொடக்கத்தில், ஸ்பிரிட் பங்கு 21 டாலருக்கு மேல் இருந்தது. 2024 ஜனவரி 16 அன்று நீதிமன்றம் இணைப்பைத் தடுப்பதற்குச் சற்று முன்பு 15 டாலர் அளவில் விற்றது. இந்த எண்களைப் போட்டால், நிறைவேறும் வாய்ப்பு மைனஸ் 50 சதவீதத்துக்கும் கீழே போகிறது. திரையில் அந்த எண் எவ்விதக் கூச்சமும் இன்றிப் பச்சை எழுத்தில் வந்து நின்றது. தீர்ப்பு வந்த அன்று ஒரே நாளில் பங்கு 47 சதவீதம் சரிந்து 8 டாலருக்கும் கீழே சென்றது. இடைப்பட்ட காலத்தில் அந்த நிறுவனத்தின் தனிப்பட்ட மதிப்பே எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதை அறிவிப்புக்கு முந்தைய விலை எப்படிச் சொல்லும்? எங்கள் வற்புறுத்தலின் பேரில், பயனர் தாமே இரண்டு முறிவு விலைகளைக் காரணத்துடன் எழுதி, வாய்ப்பை ஒரு வரம்பாகக் காணும் வசதி பின்னர் வந்தது. ஆனாலும் முகப்பில் பழைய ஒற்றை எண்தான் பெரிதாக நிற்கிறது. அதை நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன்.

அறிவிப்புகள் அளவுக்கு மிஞ்சி வருகின்றன. விலையைப் பங்குகளாகத் தரும் ஒப்பந்தங்களில் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் முதல் தலைவரின் நேர்காணல் வரை எல்லாமே 425 என்ற படிவத்தில் தாக்கலாகும். ஒவ்வொன்றுக்கும் கைபேசி ஒலித்தால் எது முக்கியம் என்று எப்படித் தெரியும்? அந்தப் படிவத்துக்கான அறிவிப்பை நாங்கள் முற்றிலும் நிறுத்திவிட்டோம்.

பராமரிப்பு ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்திருக்கிறோம். முகப்புத் திரையின் ஒற்றைச் சதவீதத்தை எடுத்துவிடுவது அதில் முதல் நிபந்தனை. பட்டியலிடப்படாத நிறுவனங்களின் விற்பனையைப் பின்தொடர விரும்புவோர் மட்டும் இவ்வகைக் கருவிக்குப் பணம் கட்ட வேண்டாம். தாக்கல் செய்யப்பட்ட ஆவணம் இல்லாத இடத்தில் இதற்குப் படிக்க எதுவும் இருக்காது.